ஒரு வைரசும் அதன் பாடபேதங்களும்

எயிட்ஸ் நோய்க்குக் காரணமான எச்.ஐ.வி. என்னும் வைரசைப் பற்றிச் சில கூற விரும்புகின்றேன். அவ்வைரசு ஒன்றா, பலவா? பலவாயின், அந்தப் பன்மை நோயைக் கண்டறியும் பரிசோதனையையும் நோய்க்கு அளிக்கும் மருந்தையும் எவ்வாறு பாதிக்கின்றது? இவையே இன்றைய பேச்சின் வினாக்கள்.

வைத்தியம் எனது துறையன்று. கலைப் பட்டம் பெற்று, தமிழும் வரலாறும் கற்பித்து, இன்று ஓர் அரசினர் பாடசாலையில் அதிபராய் இருப்பவன் நான். எனக்கு ஏன் இந்தப் பொருளில் நாட்டம் பிறந்தது என்பதை முதலிற் சொல்லிவிடுகின்றேன்.

சில காலத்துக்கு முன் ஒரு மாலைப் பொழுதில், பாடசாலை விட்ட பின்னர், மாணவர் ஒருவரின் தந்தை என்னைக் காண வந்தார். அவரும் ஒரு காலத்தில் என்னிடம் படித்தவர். தமது பிள்ளைகள் இருவருக்கும் விடுகைப் பத்திரம் தரவேண்டும் என்றார். காரணம் கேட்டேன். நெடுநேரம் பேசாதிருந்து, பின்னர் சொன்னார். வெளிநாட்டு வேலைக்குப் போவதற்காக வைத்தியப் பரிசோதனை செய்வித்திருக்கிறார். இரத்தத்தில் எச்.ஐ.வி. இருக்கக்கூடும் என்று முதற் பரிசோதனை காட்டியது. உறுதிசெய்ய மறு பரிசோதனை வேண்டும் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். செய்தி வெளியே கசிவதற்கு முன் குடும்பத்தோடு வேறு ஊருக்குப் போய்விடுவது என்பது அவரது முடிவு.

"சேர், ஒரே கிருமிக்கு எதற்கு இரண்டு பரிசோதனை? முதலாவது உண்மையானால் இரண்டாவது எதற்கு? இரண்டாவதுதான் உண்மையானால் முதலாவதை ஏன் செய்தார்கள்?" என்று அவர் கேட்டார்.

என்னிடம் விடை இருக்கவில்லை. "மறு பரிசோதனையின் முடிவு வரட்டும், அதன் பின்னும் நீர் கேட்டால் பத்திரம் தருகிறேன்" என்று மட்டும் சொன்னேன். அவர் போனபின் அந்தக் கேள்வி என்னை விடவில்லை. அறிந்த வைத்தியர்களிடம் கேட்டும் நூல்களைப் படித்தும் நான் தெரிந்துகொண்டவற்றையே இன்று உங்களுடன் பகிர்ந்துகொள்கின்றேன்.

எனக்குப் பழக்கமான இடத்திலிருந்து தொடங்குகின்றேன். பழைய தமிழ் நூல்கள் ஓலைச் சுவடிகளிலே எழுதப்பட்டு, ஓலை பழுதுற்றபோதெல்லாம் மறுபடி படியெடுக்கப்பட்டு, நம் காலம் வரை வந்தவை. படியெடுப்பவன் எத்துணைக் கவனமுடையவனாயினும் ஓரிடத்தில் எழுத்து மாறும். ஓரிடத்தில் சொல் விடுபடும். அடுத்துப் படியெடுப்பவன் அந்தப் பிழையையும் சேர்த்து எழுதி, தனது பிழை ஒன்றையும் கூட்டிவிடுவான். "எழுதினவன் ஏட்டைக் கெடுத்தான்" என்ற பழமொழி சும்மா பிறக்கவில்லை. இவ்வாறு ஒரே நூல் பாண்டிநாட்டில் ஒரு விதமாகவும் யாழ்ப்பாணத்தில் ஒரு விதமாகவும் வழங்கலாயிற்று. இந்த வேறுபாடுகளைப் பாடபேதங்கள் என்கின்றோம்.

சிறுப்பிட்டியிற் பிறந்த சி. வை. தாமோதரம்பிள்ளை கலித்தொகையையும், உ. வே. சாமிநாதையர் சீவக சிந்தாமணியையும் 1887 ஆம் ஆண்டிலே பதிப்பித்தார்கள். அத்தகைய பதிப்பாசிரியர்கள் பல சுவடிகளை அருகருகே வைத்து ஒப்புநோக்கினர். ஒரே பிழையை உடைய இரண்டு ஏடுகள் ஒரே மூல ஏட்டிலிருந்து பிறந்தவையாய் இருத்தல் கூடும். இவ்விதம் ஒப்பிட்டு, எந்த ஏடு எந்த ஏட்டின் வழி வந்தது என்று வமிசாவளி வரையலாம். இந்த ஒன்றை மனத்திற்கொண்டால், எச்.ஐ.வி. வைரசைப் பற்றி விஞ்ஞானிகள் கண்டறிந்தவற்றிற் பெரும்பகுதி எளிதில் விளங்கும்.

வைரசு தானாக வாழமாட்டாதது. அது கட்டளைகள் எழுதிய ஒரு சிறு சுவடி. அதனைச் சுற்றிப் புரதத்தாலும் கொழுப்பாலும் ஆன உறை. எச்.ஐ.வி. வைரசின் சுவடியில் ஏறத்தாழ 9,700 எழுத்துகள் உள்ளன. திருக்குறளின் 1,330 பாக்களிலும் உள்ள சீர்களை எண்ணினால் 9,310 வரும். சீருக்கு ஓர் எழுத்து என்று கொண்டால், அவ்வைரசின் முழு நூலும் திருக்குறளினும் சற்றே பெரிதாகும். இவ்வளவு சிறிய நூல், நமது உடலைக் காக்கும் வெண்குருதிக் கலங்களுள் ஒரு வகையினுட் புகுந்து, அக்கலத்தின் சொந்த நூலோடு தன்னை இணைத்துக்கொண்டு, தன் படிகளை எழுதுவிக்கின்றது.

இங்கே படியெடுக்கும் எழுத்தர் வைரசுக்குச் சொந்தமான ஒரு நொதியம். நமது உடலின் கலங்கள் தம் நூலைப் படியெடுக்கும்போது, எழுதியதை மறுமுறை பார்த்துப் பிழைதிருத்தும் ஏற்பாடு உண்டு. இந்த எழுத்தருக்கு அவ்வழக்கம் கிடையாது. ஆதலால் சில படிகளுக்கு ஒன்று வீதம் எங்கேனும் ஓர் எழுத்துப் பிழை நேர்ந்துவிடும். சிகிச்சை பெறாத நோயாளி ஒருவரின் உடலில் நாளொன்றுக்கு ஏறக்குறைய ஆயிரங்கோடி வைரசுகள் உண்டாகின்றன. அவ்வளவு படிகள் எழுதப்படும்போது, நூலின் எந்த எழுத்தில் எந்தப் பிழை நேரக்கூடுமோ அந்தப் பிழை நாள்தோறும் ஏதோ ஒரு படியில் நேர்ந்தேவிடுகின்றது.

பெரும்பாலான பிழைகள் வைரசுக்கே கேடானவை. சில பிழைகள் மாத்திரம் அதற்கு உதவுகின்றன. உடலின் காவலர் அடையாளம் கண்டுகொள்ள இயலாதவாறு முகம் மாறுகின்றது. அல்லது மருந்து பற்றிக்கொள்ளும் இடம் வழுக்குகின்றது. அத்தகைய படிகளே நிலைத்துப் பெருகுகின்றன. இன்னொன்றும் உண்டு. ஒவ்வொரு வைரசும் தன் நூலில் இரண்டு பிரதிகளைச் சுமந்து செல்கின்றது. ஒரே கலத்தினுள் இரண்டு வேறு வகை வைரசுகள் புகுந்துவிட்டால், அவற்றின் சுவடிகள் ஒரே உறைக்குள் சேர்ந்துவிடக் கூடும். அப்பொழுது படியெடுப்பவர் ஒரு சுவடியில் பாதியும் மற்றச் சுவடியில் பாதியுமாக எழுதி, முன்னில்லாத கலப்புச் சுவடி ஒன்றை ஆக்கிவிடுகின்றார்.

இனி இவ்வைரசின் குடும்பத்தைப் பார்ப்போம். எச்.ஐ.வி. என்பது முதலில் இரு பெரும் வகைகளாகப் பிரிகின்றது. உலகெங்கும் பரவியுள்ளது முதலாம் வகை. இரண்டாம் வகை பெரும்பாலும் மேற்கு ஆபிரிக்காவிலும், அந்நாடுகளோடு தொடர்புடைய போத்துக்கல், பிரான்சு முதலிய நாடுகளிலும் காணப்படுவது. இரண்டாம் வகை மெதுவாகப் பரவுவது. நோயையும் மெதுவாகவே முற்றச் செய்வது.

இரண்டும் ஒரே மூலத்தில் பிறந்தவையல்ல. முதலாம் வகையின் முன்னோர் மத்திய ஆபிரிக்காவின் சிம்பன்சி, கொரில்லா என்னும் வாலில்லாக் குரங்குகளில் வாழ்ந்த வைரசுகள். இரண்டாம் வகையின் முன்னோர் மேற்கு ஆபிரிக்காவின் மங்கபே என்னும் குரங்கில் வாழ்ந்த வைரசு. அக்குரங்குகளை வேட்டையாடி இறைச்சியாக்கும்போது, அவற்றின் குருதி மனிதரின் காயங்களிற் பட்டு, ஒரு தடவையல்ல, பல தடவைகள் இந்தத் தாவல் நிகழ்ந்திருக்கவேண்டும் என்பது அறிஞர் கருத்து. முதலாம் வகையில் மட்டும் நான்கு குழுக்கள் உண்டு. ஒவ்வொன்றும் தனித்தனியே நிகழ்ந்த தாவலின் விளைவு. அவற்றுள் "எம்" என்று பெயரிடப்பட்ட குழுவே உலகப் பெருநோயாய் விரிந்தது. "ஓ" என்னும் குழு கமெரூன் நாட்டையும் அதன் அயலையும் சார்ந்தது. "என்" என்னும் குழு 1998 ஆம் ஆண்டிலும், நான்காம் குழு 2009 ஆம் ஆண்டிலும் அறிவிக்கப்பட்டன. இவ்விரண்டும் மிக அரியவை.

"எம்" குழுவின் தொடக்கம் எப்போது? இவ்வினாவுக்கு விடை காண விஞ்ஞானிகள் கையாண்டது, பதிப்பாசிரியர்கள் கையாண்ட முறையே. இன்றைய கொங்கோ சனநாயகக் குடியரசின் தலைநகர் கின்ஷாசா. பெல்ஜியர் ஆட்சியில் அதன் பெயர் லியோபோல்ட்வில். அந்நகரில் 1959 இல் எடுத்துவைக்கப்பட்ட இரத்த மாதிரி ஒன்றிலும், 1960 இல் பாதுகாக்கப்பட்ட இழையத் துண்டு ஒன்றிலும் இவ்வைரசின் எச்சங்கள் கிடைத்தன. ஓராண்டு இடைவெளியில், ஒரே நகரில் எடுக்கப்பட்ட அவ்விரண்டும் தம்முள் மிகவும் வேறுபட்டிருந்தன. அவ்வளவு வேறுபாடு வளர்வதற்கு எத்தனை ஆண்டுகள் சென்றிருக்கவேண்டும் என்று கணித்தபோது, இருபதாம் நூற்றாண்டின் முதற் சில பத்தாண்டுகளிலேயே இந்நோய் மனிதரிடையே வேரூன்றிவிட்டது என்பது புலனாயிற்று. அமெரிக்காவில் ஐந்து இளைஞரின் விநோதமான நுரையீரல் நோயைப் பற்றி 1981 ஜூன் மாதத்தில் முதல் அறிக்கை வெளிவந்தபோது, வைரசுக்கு வயது அரை நூற்றாண்டுக்கு மேல் ஆகிவிட்டது.

ஆபிரிக்காவிலிருந்து புகையிரதப் பாதை வழியாகவும் ஆற்று வழியாகவும் பின்னர் கடல் கடந்தும் பரவுகையில், ஒவ்வொரு திசையிலும் ஒரு சுவடியின் வழித்தோன்றல்கள் பெருகின. இவற்றை உபவகைகள் என்பர். ஏ, பி, சி, டி, எவ், ஜி, எச், ஜே, கே, எல் என எழுத்துகளாற் பெயரிடுவர். இறுதியாகக் கூறிய "எல்" 2019 இலேதான் உறுதிசெய்யப்பட்டது. 2001 இல் கொங்கோவில் எடுத்து வைத்த ஒரு மாதிரியின் முழு நூலையும் வாசித்ததாலேயே அது இயன்றது. இவையன்றிக் கலப்புச் சுவடிகள் நூற்றுக்கு மேற்பட்டவை அறியப்பட்டுள்ளன. வைரசின் உறைப் புரதத்தை எழுதும் பகுதியில், ஓர் உபவகைக்கும் மற்றோர் உபவகைக்கும் இடையே மூன்றில் ஒரு பங்கு வரையிலும் வேறுபாடு இருக்கக்கூடும்.

உலகில் இன்று ஏறக்குறைய நான்கு கோடி மக்கள் எச்.ஐ.வி. தொற்றோடு வாழ்கின்றனர். அவர்களுட் பாதிக்குச் சற்றுக் குறைந்த தொகையினரிடம் இருப்பது "சி" உபவகை. தென்னாபிரிக்கப் பிரதேசம், எதியோப்பியா, இந்தியா ஆகிய இடங்களில் அதுவே மேலோங்கி நிற்கின்றது. "பி" உபவகை அமெரிக்கக் கண்டங்களுக்கும் மேற்கு ஐரோப்பாவுக்கும் அவுஸ்திரேலியாவுக்கும் உரியது. உலகத் தொற்றுகளில் அதன் பங்கு நூற்றுக்குப் பன்னிரண்டளவே. தாய்லாந்தையும் அதன் அயல்நாடுகளையும் ஒரு கலப்பு வகை ஆட்கொண்டது. கிழக்கு ஆபிரிக்காவிலும் முன்னாள் சோவியத் நாடுகளிலும் "ஏ" உபவகை மிகுதி.

இந்த இடத்தில் ஒரு முக்கிய செய்தியை நேயர்கள் கவனிக்கவேண்டும். செல்வமும் ஆய்வுகூடங்களும் நிறைந்த நாடுகளில் வழங்கியது "பி" உபவகை. ஆதலால் வைரசைப் பற்றிய முதல் ஆராய்ச்சிகளும், முதற் பரிசோதனைகளும், முதல் மருந்துகளும் அந்த ஒரு பாடத்தை வைத்தே செய்யப்பட்டன. உலக நோயாளரில் எட்டில் ஒரு பங்கினரின் சுவடியை மூலமாக வைத்துக்கொண்டு எல்லோருக்கும் உரை எழுதப்பட்டது. இதன் விளைவு என்னவாயிற்று என்பதை இனிக் காண்போம்.

பாரிஸ் நகரின் பாஸ்டர் நிலையத்தில் பிரான்சுவாஸ் பாரே-சினூசியும் லுக் மொந்தனியேயும் 1983 இல் இவ்வைரசைப் பிரித்தெடுத்தார்கள்; அதற்காக 2008 இல் நோபல் பரிசு பெற்றார்கள். இரத்தப் பரிசோதனை 1985 இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. அடுத்த ஆண்டிலேயே சென்னை மருத்துவக் கல்லூரியில் பேராசிரியர் சுனிதி சொலமனின் வழிகாட்டலில், நிர்மலா என்னும் மாணவி திரட்டிய இரத்த மாதிரிகள் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியிற் பரிசோதிக்கப்பட்டன. இந்தியாவில் எச்.ஐ.வி. முதன்முதல் வெளிப்பட்டது அந்த 1986 ஆம் ஆண்டிலே, அந்த மாதிரிகளிலேதான்.

அப்பரிசோதனை வேலைசெய்யும் முறை இது. வைரசு உடலிற் புகுந்தால், அதனை எதிர்க்கப் பிறபொருளெதிரி என்னும் புரதங்களை உடல் உண்டாக்குகின்றது. அவை வைரசின் உறுப்புகளைப் பற்றிக்கொள்வன. ஆகவே வைரசின் புரதத் துண்டுகளைத் தட்டொன்றிற் பதித்து, நோயாளியின் குருதியை அதன்மேல் விட்டால், பிறபொருளெதிரிகள் தமக்குரிய துண்டைப் பற்றி நிற்கும், நிறம் மாறும். தட்டில் உள்ள துண்டும் நோயாளியின் உடலிலுள்ள வைரசும் ஒத்த பாடமாய் இருந்தால் மட்டுமே இது பழுதின்றி நடைபெறும்.

அவ்வாறு ஒத்திராதபோது என்ன நேரும் என்பதற்கு அதே 1986 ஆம் ஆண்டு சான்று தந்தது. மேற்கு ஆபிரிக்காவைச் சேர்ந்த நோயாளர் சிலர் போத்துக்கல் நாட்டு வைத்தியசாலையில் இருந்தனர். எயிட்ஸ் நோயின் எல்லாக் குறிகளும் அவர்களிடம் இருந்தன. பரிசோதனையோ தொற்று இல்லை என்றது. அவர்களின் குருதியை ஆராய்ந்தபோதுதான் இரண்டாம் வகை எச்.ஐ.வி. கண்டுபிடிக்கப்பட்டது. பின்னர் இரண்டு வகையையும் காணும் பரிசோதனைகள் வந்தன. ஆயினும் 1994 இல், பிரான்சில் "ஓ" குழுவின் தொற்றுடைய சிலரை, அன்று வழக்கிலிருந்த பரிசோதனைகளுட் சில தவறவிட்டமை தெரியவந்தது. பரிசோதனை "இல்லை" என்று சொன்ன ஒருவர் நம்பிக்கையோடு இரத்ததானம் செய்யலாம். அந்த இரத்தம் பிள்ளை பெற்ற ஒரு தாய்க்கோ விபத்துற்ற ஒரு சிறுவனுக்கோ ஏற்றப்படலாம். ஓர் எழுத்து மாறியதை அறியாதிருந்தமையின் விலை அது.

தயாரிப்பாளர்கள் பாடங் கற்றார்கள். இப்பொழுது தட்டிலே முதலாம் வகை, இரண்டாம் வகை, "ஓ" குழு ஆகிய எல்லாவற்றின் துண்டுகளும் பதிக்கப்படுகின்றன. பிறபொருளெதிரி தோன்றுவதற்கு முன்னரே வெளிப்படும் வைரசின் உட்கருப் புரதத்தையும் சேர்த்துத் தேடும் பரிசோதனைகள் உள்ளன. அவ்வகைப் பரிசோதனை, தொற்று நேர்ந்து ஆறு வாரங்கள் கழிந்தால், ஏறக்குறைய எல்லோரிடத்தும் உண்மையை உரைத்துவிடும்.

வைரசின் எழுத்துகளையே நேராகத் தேடும் பரிசோதனையும் உண்டு. இது ஒரு நூலில் குறித்த ஓர் அடியைத் தேடிப் பார்த்து, "இன்ன நூல்தான் இது" என்று துணிவதைப் போன்றது. அந்த அடியிலேயே பாடபேதம் இருந்தால் நூல் கையிலிருந்தும் இல்லை என்று சொல்லிவிடுவோம். ஜேர்மனியில் இவ்வாறு சில இரத்ததானங்கள் தவறவிடப்பட்டன. ஆதலால் வைரசின் நூலில் ஓரிடத்தையன்றி இரண்டு இடங்களைத் தேடும் பரிசோதனையே இரத்ததானத்துக்கு வேண்டும் என்று அந்நாடு 2015 முதல் விதித்தது. இரண்டு அடிகளும் ஒருங்கே மாறியிருத்தல் அரிதல்லவா? சிகிச்சையின்போது இரத்தத்தில் வைரசின் தொகையை அளக்கும் பரிசோதனைகளிலும் தொடக்கத்தில் இதே குறை இருந்தது. "பி" அல்லாத உபவகைகளை அவை குறைத்து மதிப்பிட்டன; பின்னர் திருத்தப்பட்டன. இன்றும் முதலாம் வகையை அளக்கும் கருவி இரண்டாம் வகையை அளக்கமாட்டாது. இரண்டாம் வகையுடைய ஒருவருக்கு அக்கருவி "வைரசு இல்லை" என்று காட்டினால், அதை நம்பி ஏமாறக்கூடாது.

இப்பொழுது அந்தத் தந்தையின் கேள்விக்கு வரலாம். முதற் பரிசோதனையின் கடமை, எந்தப் பாடபேதத்தையும் தப்பவிடாமற் பிடிப்பது. எனவே அது கண் சிறிய வலையாகப் பின்னப்படுகின்றது. கண் சிறிய வலையில் பெரிய மீனோடு சிறு மீனும் பாசியும் சேர்ந்தே வரும் என்பது கரையோர மக்கள் அறிந்தது. வேறு காரணங்களுக்காக உடலில் இருக்கும் பிறபொருளெதிரி ஒன்று, தற்செயலாகத் தட்டிலுள்ள துண்டைப் பற்றிக்கொண்டாலும் நிறம் மாறும். தொற்று அரிதாய் உள்ள நாட்டில், முதற் பரிசோதனை "உண்டு" என்று சொல்வோருட் பலர் உண்மையில் தொற்று இல்லாதவராய் இருப்பர். ஆகையாற்றான் வேறு முறையில் அமைந்த இரண்டாவது, மூன்றாவது பரிசோதனைகள் தேவையாகின்றன. முதலாவது ஒருவரையும் தப்பவிடாதிருப்பதற்கு. பின்னையவை ஒருவரையும் அநியாயமாய்ச் சேர்க்காதிருப்பதற்கு. இரண்டும் ஒன்றையொன்று மறுப்பவையல்ல; ஒரே நீதிமன்றத்தின் விசாரணையும் தீர்ப்பும் போன்றவை.

அடுத்து மருந்தைப் பற்றிப் பார்ப்போம். முதல் மருந்து 1987 இல் வந்தது. சில மாதங்கள் பயன் தந்து பின் பயனற்றுப் போயிற்று. காரணம் முன்னரே கூறினேன். நாள்தோறும் ஆயிரங்கோடி படிகள் எழுதப்படும்போது, ஒரு மருந்தை ஏமாற்றும் ஒற்றைப் பிழை ஏதோ ஒரு படியில் ஏற்கெனவே நேர்ந்திருக்கும். லமிவுடின் என்னும் மருந்தை எடுத்துக்கொள்ளுங்கள். படியெடுக்கும் நொதியத்தின் 184 ஆம் இடத்தில் ஒரே ஓர் அலகு மாறினால் போதும். அம்மருந்து பெரிதும் வலுவிழந்துவிடும். ஆனால் மூன்று மருந்துகளை ஒருங்கே கொடுத்தால், மூன்றையும் ஏமாற்றும் பிழைகள் எல்லாம் ஒரே படியில் ஒரே வேளையில் நேர்தல் மிகமிக அரிது. 1996 முதற் பரவிய மும்மருந்துச் சிகிச்சையின் தத்துவம் இதுவே. அதன் பின்னரே எயிட்ஸ், இறப்பு நிச்சயமான நோய் என்ற நிலையிலிருந்து, மருந்தோடு நீண்டகாலம் வாழக்கூடிய நோயாயிற்று.

மருந்தை வேளை தவறாமல் உண்ணவேண்டும் என்று வைத்தியர்கள் வற்புறுத்துவதன் பொருளும் இதிலிருந்தே விளங்கும். வேளை தவறும்போது மருந்தின் செறிவு குறைகின்றது. வைரசு மறுபடி படியெடுக்கத் தொடங்குகின்றது. அரைகுறை மருந்தின் நடுவே எழுதப்படும் படிகளுள் மருந்தை வென்ற பிழையே பிழைத்துக்கொள்கின்றது. பின்னர் அந்த மருந்து அவருக்கும் உதவாது. அவரிடமிருந்து தொற்றுப் பெறுபவருக்கும் உதவாது.

குடும்பம் அறிந்து மருந்து கொடுக்கவேண்டிய இடங்களும் உண்டு. நெவிரப்பின், எவவிரென்ஸ் என்னும் மருந்துகள் நெடுங்காலம் வறிய நாடுகளின் சிகிச்சைக்குத் தூணாய் நின்றவை. அவை இரண்டாம் வகை எச்.ஐ.வி. மீது இயல்பிலேயே செயலற்றவை. "ஓ" குழுவிற் பெரும்பாலானவற்றின் மீதும் அவ்வாறே. மேற்கு ஆபிரிக்காவில் வகையைப் பிரித்தறியாமல் அம்மருந்தைக் கொடுத்தால், நோயாளி தவறாது உண்டும் பயன் பெறமாட்டார். "சி" உபவகையில், தெனோபோவிர் என்னும் மருந்தை எதிர்க்கும் ஒரு குறித்த மாற்றம் மற்ற உபவகைகளினும் எளிதாய்த் தோன்றுவதும் அறியப்பட்டுள்ளது. அந்த உபவகையின் எழுத்து வரிசை அவ்விடத்தில் எழுத்தரைத் தடுமாறச் செய்வதே காரணம்.

ஆயினும் நேயர்கள் அஞ்சவேண்டியதில்லை. "எம்" குழுவின் உபவகைகள் எல்லாவற்றிலும் இன்றைய மும்மருந்துகள் நன்கு வேலைசெய்கின்றன. உலக சுகாதார நிறுவனம் 2019 இல் முதன்மை மருந்தாகப் பரிந்துரைத்த டொலுதெகிரவிர், வைரசு தன் நூலை நமது கலத்தின் நூலோடு இணைக்கும் செயலையே தடுப்பது. அதனை வெல்வது வைரசுக்கு எளிதன்று. இரண்டாம் வகை எச்.ஐ.வி. மீதும் அது செயற்படுகின்றது. 2022 இல் நெதர்லாந்தில் "பி" உபவகையின் கடுமையான ஒரு கிளை கண்டுபிடிக்கப்பட்டது. அதனையுடைய 109 பேரில் வைரசின் தொகை ஏனையோரினும் மூன்றரை மடங்கு முதல் ஐந்தரை மடங்கு வரை மிகுந்திருந்தது. உடலின் காவற் கலங்களும் இருமடங்கு வேகமாய்க் குறைந்தன. எனினும் மருந்து தொடங்கிய பின் அவர்களும் மற்றையோரைப் போலவே தேறினர். படியெடுப்பை நிறுத்திவிட்டால் பாடபேதமும் பிறப்பதில்லை. மருந்தினால் வைரசு அளவிட இயலாத நிலைக்குத் தாழ்ந்து, அந்நிலையிலேயே நிற்கும் ஒருவரிடமிருந்து பாலுறவின் வழியாக மற்றவருக்குத் தொற்றுப் பரவுவதில்லை என்பதும் ஐயமற நிறுவப்பட்ட உண்மை.

வைரசின் பன்மை இன்னும் வெல்லப்படாது நிற்கும் களம் தடுப்பூசி. தென்னாபிரிக்காவில் "சி" உபவகைக்கென்றே அமைத்த தடுப்பூசியின் பரிசோதனை 2020 இலும், பல உபவகைகளின் கூறுகளைக் கோத்துச் செய்த மற்றொரு தடுப்பூசியின் பரிசோதனை 2023 இலும், பயன் காணாமையால் நிறுத்தப்பட்டன. முகத்தை மாற்றிக்கொண்டே இருக்கும் பகைவனுக்கு ஒரே படத்தைக் காட்டிக் காவல் வைப்பது கடினம். முகம் மாறினும் மாறாத உறுப்பு எது என்பதே இன்றைய ஆராய்ச்சியாளரின் தேடல்.

என்னைக் காண வந்த அந்தத் தந்தையைப் பற்றிச் சொல்லி முடிக்கின்றேன். மறு பரிசோதனைகளின் முடிவு வந்தது. அவருக்குத் தொற்று இல்லை. அவர் மகிழ்ச்சியோடு வந்து சொன்னார். விடுகைப் பத்திரத்தைப் பற்றிப் பின்னர் ஒருவரும் பேசவில்லை. இத்தோடு இக்கதை முடிந்தது என்று நான் எண்ணியிருக்கலாம். ஆனால் நேயர்களிடம் நான் மறைக்க விரும்பாத ஒன்று உண்டு. அந்த முதல் மாலையில் அவருக்குத் தேநீர் வருவித்துக் கொடுத்தேன். அவர் எழுந்து போனபின், அவர் குடித்து வைத்த கோப்பையைத் தொடாமல் நான் சற்றுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். கோப்பையால் இந்நோய் பரவாது என்று எத்தனையோ வகுப்புகளில் மாணவருக்குச் சொன்னவன் நான். அறிவு வாயில் இருந்தது, கைக்கு வரவில்லை.

அவர் ஊரைவிட்டுப் போக முடிவுசெய்தது வைரசுக்கு அஞ்சியன்று; என் போன்றோரின் அந்தக் கைக்கு அஞ்சியே. முடிவு மறுதலையாய் இருந்திருப்பினும் அவருக்கு நேரவேண்டியது ஊர்விட்டுப் போதல் அன்று. நமது நாட்டின் அரசாங்கப் பாலியல்நோய்ச் சிகிச்சை நிலையங்களில் பரிசோதனையும் மருந்தும் இலவசம், இரகசியமும் பேணப்படுகின்றது. தாயிடமிருந்து பிள்ளைக்கு இத்தொற்றுச் செல்வதை இல்லாதொழித்த நாடு என்று இலங்கைக்கு உலக சுகாதார நிறுவனம் 2019 இல் சான்றளித்தது. கருவுற்ற தாய்மார் பரிசோதனைக்கு அஞ்சாது வந்தமையாலேயே அப்பெருமை கிட்டியது. பரிசோதனை எவ்வளவு நுட்பமாயினும், மருந்து எவ்வளவு வலிதாயினும், அச்சத்தால் ஒளிந்திருப்பவரை அவை சென்றடைவதில்லை. ஒளிந்திருப்பவரின் உடலிலேதான் வைரசு தடையின்றிப் படியெடுத்துக்கொண்டிருக்கின்றது. புதிய பாடபேதங்களும் அங்கேதான் பிறக்கின்றன.

ஆதலால் அயலவர் ஒருவர் பரிசோதனைக்குப் போய்வந்தார் என்று கேள்வியுற்றால், அவரை வழமைபோல் வாசலில் வரவேற்று, ஒரு கோப்பை தேநீர் கொடுங்கள். அவர் போனபின் அந்தக் கோப்பையை வழமைபோற் கழுவி, மற்றக் கோப்பைகளோடு வையுங்கள். இந்நோயை எதிர்க்கும் வேலையில் வைத்தியர் அல்லாத நம்மால் செய்யக்கூடிய பங்கு அதுவே. அது சிறிய பங்கும் அன்று.